கேஸ் பெட்டியும் மாமாவின் மூக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.3.1990

அன்பு மருமகள் ரோசம்மாளுக்கு உன் தாய்மாமன் ஞானரத்தினம் எழுதிக்கொண்டது. தோத்திரம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் அம்மா உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லுவாள். நீ பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலமே, "அக்கா, இந்தக் கேஸ் பெட்டியைப் பத்தி ஒருநாள் மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்து விசாரிப்பான், பாரு" என்றேன். அவள், "போலே, எதையாவது உளறாம சாப்பிடு" என்றாள். இப்போது என்ன ஆயிற்று? ஒரு தடவை வந்த குழு போதாதென்று இரண்டாம் தடவையும் வருகிறதாமே! உன் கூட வேலை பார்க்கும் மைமூனின் வீட்டுக்காரர் காதர் என் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தபோது சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்.

இந்தக் கடை வைப்பதற்கு முன்னால் பத்து வருஷம் அந்தப் பெட்டிக்கு நான் ஆபரேட்டர். நாலு பீரோவைச் சேர்த்து நிறுத்தின மாதிரி இரும்புப் பெட்டி. நீங்கள் மடித்து உறை போட்ட பேண்டேஜை உள்ளே அடுக்கிக் கதவைப் பூட்டி நான் கேஸைத் திறந்துவிட்டால் ஒரு கிருமி மிஞ்சாது. பொறவு அதே சூட்டோடு உங்கள் மேஜைக்கு வரும், நீங்கள் அட்டைப் பெட்டியில் போடுவீர்கள். வேறு எவனாவது கைப்பிடியைத் தொட்டால் அது கோபித்துக்கொள்ளும். மேனேஜரே சொன்னது இது.

போன தடவை, எண்பத்தைந்தில், குழு வந்தபோது எனக்கு நாற்காலி போட்டார்கள். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். பெரிய அதிகாரி, "மிஸ்டர் ஞானரத்தினம், கேஸ் கசிந்து வாடை ஏதும் வந்ததுண்டா?" என்றார். நான் என்ன சொன்னேன்? "ஐயா, இந்த மூக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ராஜபாளையத்தில் எந்த வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று சொல்லும். அதுக்குத் தெரியாம ஒரு வாடை வந்துருமா?" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். எட்டாவதோடு நின்றவன் சொன்னதை எம்.எஸ்ஸி. படித்தவன் எழுதுகிறான், நினைத்துப் பார்.

அதற்குப் பொறவுதான் நீ என் வாசல்படி மிதிக்கவில்லை. ஐந்து வருஷம். இருபது நிமிஷம் பஸ். மாப்பிள்ளை கிறிஸ்துராஜாவது கடைப் பக்கம் தலைகாட்டுவார் என்று பார்த்தேன், அவரும் இல்லை.

மார்கழியில் உனக்கு மறுபடியும் அப்படி ஆகிவிட்டது என்று காதர் சொன்னார். வரலாம் என்று கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். பஸ்ஸில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஞானரத்தினம்


ராஜபாளையம்
20.3.1990

மாமாவுக்கு,

தோத்திரம். கடிதம் கிடைத்தது. பேச்சுக்குப் பதில் எழுதவில்லை. ஒரு காரியம் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

புதுக் குழுவில் டாக்டர் ஹுமாயூன் என்று ஒருவர். ஆபீஸில் உட்காராமல் எங்கள் மேஜைக்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போன தடவை எழுதின ரிப்போர்ட்டை வாசித்துத் தமிழில் சொன்னார். 'கேஸ் கசிந்ததற்கு அடையாளம் இல்லை, அனுபவமுள்ள ஆபரேட்டர் வாடை எதையும் உணரவில்லை' என்று இருக்கிறது. பெண்களுக்குக் கரு கலைவதற்குக் காரணம் இரத்தக் குறைவாக இருக்கலாம் என்றும் இருக்கிறது. அதைச் சொன்னது யார் என்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை. "பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மி, அதான் தங்க மாட்டேங்குது" என்று நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. எனக்கு முதல் பிள்ளை போய் அப்போது இரண்டு மாதம்.

அளவை எப்படி முடிவு செய்வார்கள் என்று மைமூன் கேட்டாள். டாக்டர் சொன்னார்: எலிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டிக் கேஸ் கொடுப்பார்கள். எந்த அளவு வரை எலிக்கு ஒன்றும் ஆகவில்லையோ அதை எடுத்துக்கொள்வார்கள். மனுஷன் எலி இல்லை என்பதற்காக அதைப் பத்தால் வகுப்பார்கள். எல்லா மனுஷரும் ஒன்றுபோல இல்லை, பயில்வானும் மாசமான பெண்ணும் ஒன்றில்லை என்பதற்காக இன்னொரு பத்தால் வகுப்பார்கள். சில விஷத்துக்கு அப்படி ஒரு கோடே கிழிக்க முடியாது, எவ்வளவு குறைந்தாலும் கொஞ்சம் ஆபத்து ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டாம். இந்தக் கேஸைப் பற்றி அந்தச் சண்டைதான் நடக்கிறதாம். வெளிநாட்டில் சில இடத்தில் காற்றில் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு என்று இருந்ததை ஒரே பங்காகக் குறைத்துவிட்டார்களாம்.

வெள்ளத்தாய் அக்கா, "எலிக்குப் பிள்ளைப்பேறு பாக்க அம்புட்டு டாக்டர் இருக்காவ, எங்களப் பாக்க இப்பத்தான் ஒருத்தர் வந்திருக்கீய" என்றாள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது எங்கள் மேஜையில் ஐந்து பேர் பிள்ளை தங்காதவர்கள். நாங்கள் எவ்வளவு சுவாசித்தோம் என்று அளந்து வைத்தவர் யாரும் இல்லை. மீட்டர் கிடையாது. அதற்குப் பதிலாக உங்கள் மூக்கை எழுதிவிட்டார்கள். டாக்டர் சொன்னார், இந்தக் கேஸ் நூற்றுக்கணக்கான பங்கு சேர்ந்தால்தான் மயக்க மருந்து மாதிரி இனிப்பாக வாடை வருமாம். அதற்குக் கீழே எந்த மூக்குக்கும் தெரியாதாம். ஆகவே வாடை இல்லை என்று நீங்கள் சொன்னதால் கேஸ் இல்லை என்று ஆகாது.

குழு எங்கள் பக்கம் எழுதினால், பெட்டிக்கும் மேஜைக்கும் நடுவில் சுவர் எழுப்பி, காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் வைக்கச் சொல்வார்கள். மாசமானவர்களை வேறு வேலைக்கு மாற்றச் சொல்வார்கள். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

என் கேள்வி இது. பத்து வருஷத்தில் என்றைக்காவது வாடை வந்ததா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். கதை வேண்டாம்.

ரோசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.4.1990

அன்பு மருமகளுக்கு,

உண்டு!

நீ கதை வேண்டாம் என்றாய். ஆனால் இது கதை இல்லை, நடந்தது. எண்பத்து நாலு ஐப்பசி. அடைமழை. மலைப் பக்கம் இடி விழுந்து கரண்டு போய்ப் போய் வந்த நாள். நீங்கள் எல்லாம் மழைக்கு ஒதுங்கி ஒதுங்கி லேட்டாக வந்தீர்கள். நான் மட்டும் சரியான நேரத்துக்கு ஆஜர். மழைக்கு லீவு போட்டதாக என் சர்வீஸில் கிடையாது.

பெட்டிக் கதவை ஒட்டி ஓடும் ரப்பர் வளையம் அன்று வாய் பிளந்துவிட்டது. கதவுப் பக்கம் போனதும் மூக்கில் வந்து அடித்தது பார், வாடை! இனிப்பு. பழுத்து வெடித்த பலாப்பழமும் ஆஸ்பத்திரி மயக்க மருந்தும் சேர்ந்த ஓர் இனிப்பு. தலை சுற்றியது. வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். நான் வேட்டியை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து வால்வை மூடினேன். வாசலில் படுத்திருந்த பூனை ஒன்று எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டேன். ஆனாலும் ஹாலுக்குள் அது தேங்கித்தான் நின்றது. நீங்கள் நனைந்த தலையோடு வந்து உட்கார்ந்தீர்கள்.

எண்பத்தைந்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் பெட்டி கசிந்தது என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை. நாற்காலி வேறு போட்டிருந்தார்கள்.

டாக்டரிடம் சொல். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். டெல்லிக்குக் கூப்பிட்டாலும் போவேன்.

வீட்டுக்கும் வரலாமா?

உன் மாமா,
ஞானரத்தினம்


ராஜபாளையம்
10.6.1990

அன்புள்ள மாமாவுக்கு,

தோத்திரம். நீங்கள் வந்துவிட்டுப் போன பிறகு வீட்டில் உங்கள் பேச்சாகவே இருக்கிறது. கொண்டுவந்த மாம்பழத்தைத் தெருவுக்கே கொடுத்தேன். இவ்வளவு மெலிந்துபோய் இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்து வருஷம் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குப் புரியவில்லை மாமா.

குழுவுக்கு முன்னால் நீங்கள் சொன்ன விதத்தை டாக்டர் ஹுமாயூன் பாராட்டினார். தரையில் சாக்பீஸால் பெட்டி, கதவு, மேஜை எல்லாம் வரைந்து காற்று போன திசையைக் காட்டினீர்களாமே. மற்ற இரண்டு அதிகாரிகளும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள் என்று பியூன் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு என்ன செய்தது என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. மைமூனுக்கு வந்துவிட்டது. "ஆமாட்டி, அந்த மழையில எனக்குத் தலைவலி மண்டையப் பொளந்துச்சு, வாந்தி எடுத்தேன்லா" என்கிறாள். வெள்ளத்தாய் அக்கா முதலில் இல்லை என்றாள். இப்போது தொண்டை கரகரத்ததாகச் சொல்கிறாள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த மார்கழியிலும் தையிலும்தான் எங்களில் மூன்று பேருக்கு அடுத்தடுத்துப் போனது. அதுவும் பொருந்துகிறது.

இன்னொன்று. அன்று உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. இது நான்காவது. இவரிடமும் உங்களிடமும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மேஜையில் இருந்து ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். "குழு முடிவு வரட்டும்மா, உனக்கு மட்டும் மாத்துனா எல்லாரும் கேப்பாங்க" என்றார். வேலையை விட்டுவிடலாம் என்றால், இவர் மில் லாக்கவுட் ஆகி நாலு மாதம் ஆகிறது. ஆகஸ்டில் முடிவு வருமாம். அதுவரை ஜன்னல் ஓரமாக உட்காருகிறேன்.

ரோசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.6.1990

அன்பு மகள் ரோசம்மாளுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடையை மூடிவிட்டேன். வேலை ஓடவில்லை. சந்தோஷம்தான்.

ஊரில் இப்போது என் பேச்சுதான். டீக்கடை மலைச்சாமி, "அண்ணாச்சி, அந்த மூக்கை இன்சூரன்ஸ் பண்ணி வைங்க, சளி கிளி பிடிச்சிறப் போவுது" என்கிறான். பொறாமை. சர்க்கார் சட்டமே என் மூக்கால் மாறப்போகிறது என்று சுந்தரபாண்டியம் வரை பேசிக்கொள்கிறார்கள். அங்கே இருந்து வாடகைச் சைக்கிள் எடுக்க வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சும்மா கேட்கிறேன், டாக்டர் அந்த ஒரு நாளை மட்டுமா எழுதிக்கொண்டார்? மற்ற நாளையும் சேர்த்துத்தானே பார்ப்பார்கள்? பூனையைப் பற்றிக் கேட்டார்களா? பூனை அவ்வளவு முக்கியம் இல்லை. அதை விட்டுவிடச் சொல்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? லீவு போட முடியாதா? என் கடை வருமானம் ஒரு ஆளுக்கு அதிகம். யோசித்துப் பார்.

முட்டை சாப்பிடு. ரத்தம் ஊறும் என்று எழுத வந்தேன். அடித்துவிட்டேன்.

மாமா


ராஜபாளையம்
18.8.1990

அன்புள்ள மாமாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். இங்கிலீஷில் இருந்தது, டாக்டர் ஹுமாயூன் மேஜைக்கு வந்து சொன்னார்.

எண்பத்து நாலு ஐப்பசியில் ரப்பர் வளையம் கெட்டு ஒரே நாளில் மிக அதிகமான கேஸ் வெளியே வந்திருக்கிறது என்று குழு ஏற்றுக்கொண்டது. வாடை வந்ததே அதற்குச் சாட்சி, ஆகவே அன்றைய அளவு நூற்றுக்கணக்கான பங்கு இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த மார்கழியிலும் தையிலும் கலைந்தவற்றுக்கு அந்த ஒரு நாள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு கலைந்தவை எந்த ஊரிலும் சாதாரணமாக நடக்கிற அளவுதானாம்.

ஜூலையில் மீட்டர் கொண்டுவந்து அளந்தார்கள். எங்கள் மேஜையில் மூன்று பங்கு, நான்கு பங்கு என்றுதான் காட்டியது. குழு ஐம்பது வரை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டது. ஆகவே தினமும் நாங்கள் சுவாசிப்பது குறைந்த அளவு, கவலைப்பட வேண்டியதில்லை. ரப்பர் வளையத்தை வருஷா வருஷம் மாற்ற வேண்டும். சுவர் வேண்டாம். ஃபேன் வேண்டாம். மாசமானவர்களை மாற்ற வேண்டியதில்லை.

டாக்டர் மட்டும் கையெழுத்துப் போடாமல் தனியாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இரண்டு பேர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, அந்த ஐப்பசி நாள் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், பழி போட அவர்களுக்கு வேறு எதுவும் இருந்திருக்காது. தினம் தினம் வருகிற இந்தக் கொஞ்சத்தைத்தான் பார்த்தாக வேண்டியிருக்கும். பெரிய அளவு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் சின்ன அளவு தப்பித்துவிடுகிறது" என்றார். சொல்லிவிட்டு, உங்கள் மாமாவைக் குறை சொல்லவில்லை, நடந்ததைத்தானே சொன்னார் என்றார்.

நானும் குறை சொல்லவில்லை. மைமூன்தான், "ஒங்க மாமா வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள். அவளிடம் சண்டை போட்டேன். போன தடவை நீங்கள் கம்பெனிக்காக வாயை மூடினீர்கள். இந்தத் தடவை எங்களுக்காக உண்மையைச் சொன்னீர்கள். அது எங்களுக்கு எதிராகத் திரும்பினால் நீங்கள் என்ன செய்ய முடியும்? எனக்கு அது போதும் மாமா. என்னிடம் நீங்கள் பொய் சொல்லவில்லை.

முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி டாக்டர் மெட்ராஸில் மனு போடுகிறாராம். புதிதாக ஏதாவது சாட்சி இருந்தால்தான் எடுப்பார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது?

எனக்கு நான்காவது மாதம் நடக்கிறது. போன இரண்டும் இந்த மாதத்தைத் தாண்டவில்லை. ஜன்னல் ஓரத்தில் இப்போது புதிதாக மெஷின் வைத்துவிட்டார்கள். பழைய இடத்திலேயே உட்காருகிறேன். பெட்டிக்கு எதிரே.

ரோசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.8.1990

ரோசம்மா,

இந்தக் கடிதம் கொண்டுவருகிற காதரோடேயே கிளம்பி இங்கே வந்துவிடு. நாளைக்கு மேஜைக்குப் போகாதே. மாப்பிள்ளையும் வரட்டும். மாடி அறையை ஒழித்துப் போட்டிருக்கிறேன். மேனேஜர் கேட்டால் மாமா சாகக் கிடக்கிறான் என்று சொல். அதற்குக் கூசாதே.

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தாளில் இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும் என்று தொடங்கியிருந்தேன். கை பழக்கத்தில் அப்படித்தான் தொடங்குகிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. டீக்கடையில் மலைச்சாமி இன்றைக்கும் மூக்கைப் பற்றிக் கேலி பேசினான். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். "அண்ணாச்சிக்கு ஒடம்பு சரியில்லையோ?" என்று பின்னாலேயே வந்து விசாரித்தான்.

நீ மார்ச் மாதம் கடிதம் எழுதினாய். ஐந்து வருஷம் கழித்து உன் கையெழுத்து. உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று என்றாய். இல்லை என்று எழுதினால் அதோடு நீ நிறுத்திவிடுவாய் என்று தோன்றியது. உண்டு என்று எழுதினால் நீ இன்னொரு கடிதம் எழுதுவாய், டாக்டர் கூப்பிடுவார், நான் ராஜபாளையத்துக்கு வருவேன், உன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். உங்களுக்கும் அது உதவும் என்றுதான் நினைத்தேன். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் வாடை வரும் என்று நீயே எழுதியிருந்தாய். அப்படியானால் வாடை வந்தது என்று சொன்னால் உங்கள் பக்கம் பலம் என்று என் எட்டாம் வகுப்புக் கணக்குக்குத் தோன்றியது. நிறைய விஷம் என்று சொன்னால் கொஞ்சம் விஷம் மன்னிக்கப்பட்டுவிடும் என்று யாருக்கு ரோசம்மா தெரியும்?

மயக்க மருந்து மாதிரி இனிப்பு என்று உன் கடிதத்தில் இருந்தது. பலாப்பழத்தை நான் சேர்த்தேன். மழை அன்றைக்குப் பெய்தது, அது உண்மை. ரப்பர் வளையம் நன்றாகத்தான் இருந்தது. பூனை கிடையாது.

மைமூனுக்குத் தலைவலி வந்தது, வெள்ளத்தாய்க்குத் தொண்டை கரகரத்தது என்று நீ எழுதினபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் சும்மா சொன்னதற்கு அவர்கள் உடம்பு ஞாபகம் தேடிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ நாள் தள்ளியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். என்னை மறுபடியும் அன்புள்ள மாமா என்று கூப்பிட்டிருந்தாய். பூனையை விட்டுவிடச் சொல் என்று மட்டும் எழுதினேன்.

என்னிடம் நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தாளை டாக்டர் ஹுமாயூனிடம் கொடு. புதிதாகச் சாட்சி வேண்டும் என்றாரே, இதைச் சாட்சி என்று எழுதிக்கொள்ளட்டும். நான் வந்து எத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன், நாற்காலி வேண்டாம். கம்பெனி என்னை என்ன செய்தாலும் சரி, சர்க்கார் பொய்ச் சாட்சி என்று கேஸ் போட்டாலும் சரி. ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

ஐப்பசியில் அந்தக் காலை, கதவைத் திறந்தபோது எனக்கு எந்த வாடையும் வரவில்லை. அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. பத்து வருஷமும் அந்த ஹாலில் வெறும் பஞ்சு வாடைதான் இருந்தது, ரோசம்மா.